அக்கா பாட, இரண்டு டியூபைக் கழற்றினேன்

கண்ணாடி ஆறுவதற்காகக் காத்திருந்தோம்.

சேலையூர் வீட்டின் முன்னறையில், என் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை அதன் முதுகு எங்களைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தேன். பின்பக்கத்து இரும்பு வலையைக் கழற்றியாயிற்று. உள்ளே நான்கு பெரிய டியூபுகள் வரிசையாக நின்றன. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி நெடுநேரமாகியும் அவற்றின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் தோசைக்கல்லின் அருகே போனதுபோல இருந்தது. தூசி பொசுங்கிய வாசனை அறை முழுக்க நின்றது.

என் அக்கா எஸ்தர் கட்டிலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் ஜெயக்குமார் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒட்டடைக் கம்பைப் பிடித்தபடி வாசற்படியருகே நின்றார். எனக்கு ஷாக் அடித்தால் கம்பால் தட்டிவிடுவதற்காம்.

"பிளக்கே மாட்டலை. கரண்ட் எங்கேருந்து வரும்?" என்றேன்.

"அணைச்ச பிறகும் உள்ள கரண்ட்டைப் புடிச்சு வச்சிருக்கும்னு நீதானே சொன்னே," என்றார்.

சொன்னேன்தான். ஆனால் அப்படிப் பிடித்து வைத்திருப்பது அடியில் இருக்கும் மூடிய தகரப் பெட்டி. அதை நான் தொடப்போவதில்லை. மேலே நிற்கும் டியூபுகளோடு மட்டும்தான் எனக்கு வேலை என்று அவருக்கு விளக்கினேன். தலையை ஆட்டினாரே தவிர, கம்பைக் கீழே வைக்கவில்லை.

டியூப் என்றால்

இந்தத் தொடரில் என் கிட்டார் வந்த வாரங்களில் எல்லாம், டியூப் ஆம்ப் என்றால் என்னவென்று யாராவது கேட்டு எழுதுகிறீர்கள். டியூப்லைட்டை நினைக்கவேண்டாம். உங்கள் வீட்டில் பழைய பெரிய ரேடியோ இருந்திருந்தால், போட்டவுடன் பாடாமல், சூடேறிய பிறகு மெல்ல வாய்திறக்குமே, அதற்குள் இருந்த வால்வுதான் இது. கிட்டார்காரர்கள் இன்னும் இதை விடவில்லை. கம்பியைத் தொட்ட சத்தம் உடனே செத்துப்போகாமல், நீண்டு, உருண்டு வரும்.

என்னுடையது நூறு வாட். ஊரிலிருக்கும் பெரிய ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போகும்போது விற்றது. அவர் வீடு பல்லாவரத்தில். லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்த அன்று எஸ்தர் அக்காதான் என்னோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு நேரே வந்ததால் கஞ்சி போட்ட காட்டன் புடவை. டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. உள்ளே கண்ணாடி இருக்கிறது என்று நான் சொன்ன ஒரே வார்த்தைக்காக, பின்னால் ஏறி உட்கார்ந்து, ஜிஎஸ்டி ரோட்டின் எல்லாக் குழிகளிலும் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது புடவை கசங்கி, அழுக்காகி, பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போது எங்களுக்குத் தெரியாது, நூறு வாட் என்பது மைதானத்துக்கு ஆனது என்று. பக்கத்து வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே தெரிவித்துவிட்டார்.

அக்காவின் குரல்

எஸ்தர் அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஆலயத்தில் அவள் தனிப்பாட்டுப் பாட எழுந்தால் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். அவ்வளவு பெரிய குரல். கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவள் பாட, நான் வாசிக்க, எங்கள் இரண்டு பேரையும் 'எஸ்தர் கிருபா' என்று ஒரே பெயர்போலச் சேர்த்தே சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. அறுவைசிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. கட்டியும் கெட்ட கட்டியில்லை என்று தெரிந்து நாங்கள் அழுது தீர்த்தோம். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு சோர்ந்துபோயிருந்தது. பேச்சு திரும்பிவிடும் என்றார் டாக்டர். பாட்டைப் பற்றி அக்கா கேட்டபோது, பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்.

பேச்சு திரும்பியது, காற்றுக் கலந்து, கரகரத்து. வகுப்பில் கழுத்தில் ஒரு சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆலயத்தில் எல்லோரும் பாடும்போது எழுந்து நின்று உதட்டை அசைப்பாள். சத்தம் வராது. பக்கத்தில் நிற்கும் எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப்பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

பிறகு ஒருநாள் என் வீட்டுச் சமையலறையில் கீரை அலசிக்கொண்டே தன்னையறியாமல் முனகினாள். எங்கள் பழைய பாட்டு ஒன்று. சொல் அவளுடையது, மெட்டு என்னுடையது. கல்லூரிக் காலத்தில் நாங்களே கட்டிய நன்றிப் பாட்டு. முன்பு அவள் பாடிய உயரத்தில் இல்லை, வெகு கீழே இறங்கியிருந்தாள். நான் முன்னறையிலிருந்த கிட்டாரை எடுத்து, வயர் எதுவும் மாட்டாமல், அவள் நின்ற சுருதியைத் தேடிப் பிடித்தேன். சமையலறைப் பக்கம் திரும்பவேயில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள். தண்ணீர் குழாய் நின்றது, பாட்டு நிற்கவில்லை.

அந்த வருடம் ஆலயத்தில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் அந்த ஒரு பாட்டை மட்டும் பாடுகிறேன் என்று அவளே சொன்னாள்.

ஒத்திகை

எங்கள் பாடகர் குழுவை நடத்துகிறவர் ஸ்டான்லி அண்ணன். கீபோர்டு வாசிப்பார். நல்ல மனிதர், நல்ல காது. அந்தக் காதுதான் சிக்கலே.

ஆலயத்தின் பாரிஷ் ஹாலில் முதல் ஒத்திகை. நான் ஆம்பைப் போட்டு, கம்பிகளைச் சேர்த்து மீட்டி முதல் கார்டை வாசித்ததும் அக்காவின் குரல் காணாமல் போயிற்று. சத்தத்தைக் குறைத்தேன். ஒரு பெரிய ஆம்பை மிகவும் தாழ்த்தி வைத்தால் கிட்டார் உப்பில்லாத கஞ்சிபோல ஆகிவிடும். அப்படியும் அவள் குரல் எழவில்லை. அவள் மைக்கை ஏற்றினார்கள். அது என் ஆம்பின் சத்தத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஊளையிட்டது. இன்னொரு தடவை முயன்றோம். அக்கா பாதிப் பாட்டில் நிறுத்தி, தண்ணீர் குடிக்கிறேன் என்று வெளியே போனாள்.

வீட்டில் டியூப் இல்லாத ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் இருக்கிறது. அதில் வாசித்துக் காட்டினேன். அக்கா கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "போன்ல கேக்கிற மாதிரி இருக்குடி. இது மேல எனக்கு நிக்க முடியலை," என்றாள். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. மெலிந்த குரலுக்கு அடியில் தடித்த ஒரு பாய் விரித்துக் கொடுக்கவேண்டும். மெலிந்த குரலுக்கு மெலிந்த கிட்டார் என்றால் இரண்டுமே விழுந்துவிடும்.

மறுநாள் ஸ்டான்லி அண்ணன் போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பாட்டை வேறொரு பெண் பாடட்டும், எஸ்தர் குழுவோடு சேர்ந்து நிற்கட்டும், அவளுக்கும் சங்கடம் இல்லை, கேட்கிறவர்களுக்கும் சங்கடம் இல்லை என்றார். நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கோபத்தை இன்னும் ஏற்றியது.

"அண்ணா, குரல் சின்னது இல்ல. என் பெட்டிதான் பெருசு," என்றேன். "பெட்டியை நான் பாத்துக்கறேன். அடுத்த ஒத்திகை வரைக்கும் பொறுங்க."

பண்டிகைக்கு முன்னால் இருந்தது அந்த ஒரே ஒரு ஒத்திகைதான்.

பீரோவைத் தூக்கும் நால்வர்

இனி அந்த முன்னறைக்குத் திரும்பலாம்.

என் ஆம்பில் நான்கு பெரிய டியூபுகளும் சேர்ந்துதான் நூறு வாட் தருகின்றன. இரண்டை எடுத்துவிட்டால் பாதிதான். ஆனால் எந்த இரண்டு என்று பார்க்கவேண்டும். நான்கு பேர் ஒரு பீரோவைத் தூக்கிப்போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒரே பக்கத்து ஆட்கள் இருவரும் கையை விட்டால் பீரோ சாயும். பக்கத்துக்கு ஒருவராக விலகினால், சுமை கூடினாலும், மற்ற இருவரும் சமாளிப்பார்கள். என் பெட்டியில் இடப்பக்க இரண்டு ஒரு கட்சி, வலப்பக்க இரண்டு மறுகட்சி. அதனால் ஓரத்தில் நிற்கும் இரண்டையும் எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

கண்ணாடி ஆறியது. பிடித்திருந்த கம்பிக் கவ்விகளை விலக்கி, டியூபின் கறுப்பு அடிப்பாகத்தைப் பிடித்து, லேசாக இப்படியும் அப்படியும் அசைத்து, நேராக மேலே இழுத்தேன். அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. வலுக்கட்டாயம் செய்யாமல் திரும்பத் திரும்ப அசைத்தபோது சட்டென்று விட்டுக்கொடுத்தது. இரண்டாவதும் அப்படியே. இரண்டையும் பழைய துண்டில் சுற்றி அக்காவிடம் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்னொரு வேலை இருந்தது. டியூப் பாதியானால், ஸ்பீக்கரோடு ஆம்ப் போட்டுக்கொண்ட கணக்கும் மாறும். பின்பக்கத்தில் அதற்கென்று ஒரு சுவிட்ச். என் ஸ்பீக்கர் பதினாறு ஓம். டியூப் பாதியானதால் சுவிட்சையும் பாதிக்கு, எட்டுக்குத் திருப்பினேன். இதைக் கணக்கு டீச்சரிடம் ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன். அவள் மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, சரிதான் என்றாள்.

ஆம்பைப் போட்டு, சூடேறவிட்டு, வாசித்தேன்.

பாதி டியூபை எடுத்தால் பாதிச் சத்தம் என்று எண்ணியிருந்தேன். காது அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒலி சற்று மெத்தென்று ஆகியிருந்தது, அது உண்மை. சத்தமோ கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அக்கா பாடிப் பார்த்தாள். முன்பு முழுதும் மூழ்கியவள், இப்போது மூக்கு வரைக்கும் மூழ்கினாள்.

"பரவால்லியே, நல்லா இருக்கே," என்றாள். எனக்காகச் சொன்னாள். ஜெயக்குமார் கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பல்லாவரம் சந்தை

ராத்திரி சாப்பிடும்போதுதான் பொறிதட்டியது. இத்தனை நேரம் பெரிய டியூபுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டார் வயர் போய்ச் சேரும் இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சின்ன டியூப், தகரத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது. கம்பியின் மெல்லிய அதிர்வை முதலில் வாங்கிப் பலமடங்கு பெருக்குவது அதுதான். சத்தத்தின் குமிழைத் தொட்டவுடனே ஆம்ப் பாய்வதற்குக் காரணம் அந்தக் குட்டி. அதே ஊசிக்கால்களோடு, அதே இடத்தில் உட்காரக்கூடிய, ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கே பெருக்குகிற இன்னொரு வகை உண்டு. பெயரில் கடைசி எண் மட்டும் மாறும். மூன்றுக்குப் பதில் இரண்டு.

இணையத்தில் கிடைக்கும்தான். பண்டிகைக்குள் வந்து சேராது என்றது.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். செடி, கோழி, பழைய பேன்ட், மிக்சி மூடி எல்லாவற்றையும் தாண்டி, பழைய சாமான் விரிப்புகள் இருக்கும் பக்கம். டியூப் வேண்டும் என்று நான் கேட்ட முதல் ஆள் சைக்கிள் டியூபை எடுத்து நீட்டினார். வால்வு என்று கேட்ட பிறகு ஒருவர் தார்ப்பாயின் கடைசியைக் காட்டினார்.

அங்கே ஒரு பிஸ்கட் டின். பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து கழற்றியவை, வைக்கோலில் முட்டைபோல அடுக்கி வைத்திருந்தார் கடைக்காரர். பெரும்பாலானவற்றில் எழுத்தே இல்லை, தேய்ந்துபோயிருந்தது.

"எது இன்னான்னு எனுக்கே தெரியாதுக்கா. பாத்து எட்துக்க," என்றார்.

ஒவ்வொன்றாக வாயருகே வைத்து 'ஹா' என்று ஊதினேன். கண்ணாடியில் ஆவி படரும்போது, அழிந்த எழுத்து ஒரு கணம் மேலே வந்துவிட்டு மறையும். கடைக்காரர் தானும் ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு, அட என்று சிரித்து, எனக்கு உதவியாக ஊதத் தொடங்கினார். வெயிலில் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து வால்வு ஊதிக்கொண்டிருந்தோம். காய்கறிப் பையோடு போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். டின்னின் அடிப்பகுதியில், அவர் ஊதியதில்தான் அந்த எண் தெரிந்தது.

கைக்குட்டையில் சுற்றி, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றபடியே கொண்டுவந்தேன்.

அன்று சாயங்காலம் அக்காவை வரச்சொன்னேன். ஆறிக் கிடந்த ஆம்பில் தகரத் தொப்பியை அழுத்தித் திருகி எடுத்து, பழைய குட்டியைக் கழற்றி, புதியதன் ஊசிக்கால்களைத் துளைகளோடு பொருத்தி அழுத்தினேன். சூடேறியதும் பென்சிலால் டியூபை மெல்லத் தட்டிப் பார்த்தேன். கெட்டுப்போன டியூப் என்றால் ஸ்பீக்கரில் மணியடிப்பதுபோலக் கேட்கும். இது 'டொக்' என்றதோடு சரி. உயிர் இருந்தது.

சத்தத்தின் குமிழை நடுப்பாகம் வரை திருப்பினேன். இந்த ஆம்பை வாங்கியதிலிருந்து நான் அவ்வளவு தூரம் திருப்பியதேயில்லை. கார்டு வந்தது. பெரிதாக இல்லை, ஆனால் முழுதாக இருந்தது. அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல, தடித்து, வழிந்து, மெல்ல அடங்கியது.

அக்கா நான் சொல்லாமலே பாட ஆரம்பித்தாள். அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. முதல் சரணம் முடிந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஸ்டான்லி போன் பண்ணானா?" என்றாள்.

"பண்ணாரு."

"நெனச்சேன். ரெண்டாவது சரணத்துக்குப் போ."

பண்டிகை

மறுநாள் ஒத்திகையில் ஸ்டான்லி அண்ணன் முழுப்பாட்டையும் கேட்டார். கீபோர்டில் தான் போட்டிருந்த ஆர்கன் சத்தத்தை எடுத்துவிட்டு, இடக்கையால் அடிச்சுரம் மட்டும் வாசிக்கிறேன் என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

அறுப்பின் பண்டிகை என்றால் தாம்பரத்தில் எங்கள் ஆலய மைதானம் சந்தைபோல ஆகிவிடும். பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலத்துக்குக் குவிந்திருக்கும். ஒரு பக்கம் பிரியாணி, ஒரு பக்கம் மீன் கட்லெட், நடுவே குழந்தைகள் வளையம் எறிந்துகொண்டிருப்பார்கள். மேடை ஓரமாக இருக்கும். யாரும் உட்கார்ந்து கேட்பதற்கென்று வரமாட்டார்கள்.

சவுண்டு செட் போட வந்திருந்த பாபு கோவிலம்பாக்கத்துக்காரர். மைக் வைக்க வந்தவர் ஆம்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"இன்னாக்கா, ரெண்டு பல்லு காணோம்?"

"நான்தான் புடுங்கினேன்."

"பாடுமா?"

"பாடும். நீங்க அவங்க மைக்கை ஏத்துங்க."

பாபு தயங்கித் தயங்கி ஏற்றினார். ஊளை வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, அவராகவே இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

அக்கா மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். முதல் வரி வந்தபோது, பழைய எஸ்தரை எதிர்பார்த்திருந்த முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது வேறு குரல். கரகரப்பு இருந்தது, காற்று இருந்தது, உயரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் காதருகே வந்து சொன்னதுபோல விழுந்தது. கட்லெட் வாங்க நின்றவர்கள் திரும்பினார்கள். ஏலம் போடுகிறவர் பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டாவது சரணத்தில் ஓர் இடம் மேலே ஏறும். அறுவைசிகிச்சைக்குப் பிறகு அதை அவள் தொடுவதில்லை. ஒத்திகையிலும் கீழேயே பாடிவிட்டுத் தாண்டிவிடுவாள். அன்று ஏறினாள். என்னிடம்கூடச் சொல்லாமல் ஏறினாள்.

குரல் உடைந்தது.

மைதானமே கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அப்போதுதான் ஒரு கார்டை வாசித்திருந்தேன். அடுத்ததற்குப் போகவேண்டிய கையை நிறுத்தினேன். கார்டு சாகவில்லை. மிச்சமிருந்த இரண்டு டியூபுகளும் முழுமூச்சோடு அதைத் தாங்கிப் பிடித்தன. அது நீண்டு, மெலிந்து, மறையாமல் மைதானத்தின்மேல் நின்றது. ஸ்டான்லி அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தக் கார்டு இருக்கும்வரை பாட்டு நிற்கவில்லை என்றுதான் பொருள்.

அதன் கடைசி நூல் அறுவதற்குள் அக்கா மூச்சை இழுத்து, அதே இடத்துக்கு மறுபடி ஏறினாள். இந்தத் தடவை நின்றாள். பெரிதாக அல்ல. நின்றாள்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. நெடுநேரம் அடங்கவில்லை. மேடையைவிட்டு இறங்கிய அக்காவைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவளிடம் படித்த பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள், ஸ்டான்லி அண்ணனின் மனைவி. கூட்டத்துக்குள் அக்காவின் முகம் தெரியவில்லை, கொண்டை மட்டும்தான் தெரிந்தது. நான் ஆம்ப் ஆறட்டும் என்று பக்கத்திலேயே நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

கையில் கட்லெட் தட்டோடு, எங்கள் சபையில் நான் பார்த்திராத ஓர் அம்மா என் பக்கம் வந்தார். அவர் கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அக்காவைச் சூழ்ந்த கூட்டத்தைக் காட்டி, "நீங்க அவங்ககூட வந்தவங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா," என்றேன். "நான் அவங்க தங்கச்சி."

தேவைக்குமேல் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.